அத்தியாயம் 6: தட்டெழுத்துப் பிரதி யாருக்குப் போனது?

ஒரு கவிஞரின் அச்சேறிய நூல்களைத் தேட நூலகப் பட்டியல் போதும். அச்சுக்கு முந்திய தாள்களைத் தேடுவது வேறு வேலை. அவர் தட்டெழுதி, அடித்துத் திருத்தி, யாருக்கோ தபாலில் சேர்த்த பிரதிகள் பெரும்பாலும் அவர் பிறந்த வீட்டில் தங்குவதில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியரின் மேசையிலோ, வானொலி நிலையத்தின் அலமாரியிலோ, சிநேகிதர் ஒருவரின் பெட்டியிலோ பல காலம் கிடந்துவிட்டு, விலைக்கோ கொடையாகவோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே, கவிஞர் எங்கே வாழ்ந்தார் என்பதோடு நின்றுவிடாமல், இந்தத் தாளை யாருக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

வழிமுறைகளைப் பலாபத்வலையில் இருக்கும் ஒரு வாசகருக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். மாத்தளை நகருக்கு வடக்கே ஏ9 பாதையில், அலுவிகாரையைத் தாண்டி வரும் ஊர் அது. பல்கலைக்கழகம் கிடையாது. கைத்தொலைபேசியில் இணையம் உண்டு. மாத்தளைக்கு வந்தால் கண்டிக்கும் பேராதனைக்கும் பஸ் உண்டு. வேலையின் பெரும்பகுதிக்கு இவ்வளவே போதும். விமானம் ஏறுவது கடைசிக் கட்டம். பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் கவிஞர் தம்பிமுத்து. அச்சுவேலியில் பிறந்து, லண்டனில் ஆங்கிலக் கவிதை உலகையே தன் பத்திரிகைக்குள் இழுத்துப்போட்டவர். மூன்று நாடுகளில் மாறி மாறி வாழ்ந்ததால் அவருடைய தாள்களும் சிதறின. அவருக்குப் பயன்படும் முறை மற்றவர்களுக்கும் பயன்படும்.

1. ஆயுள் அட்டவணை

முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கவிஞர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று எழுதுங்கள். தம்பிமுத்துவுக்கு அது இப்படி அமையும்:

• 1915: பிறப்பு. இளமையும் படிப்பும் இலங்கையில். லண்டன் போகுமுன்னரே கொழும்பில் சிறு கவிதை நூல்களை அச்சிட்டுவிட்டார்.
• 1938: லண்டன்.
• 1939: அந்தனி டிக்கின்ஸுடன் சேர்ந்து 'பொயட்ரி லண்டன்' பத்திரிகையைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அதே பெயரில் நூல் வெளியீடும் நடத்தினார்.
• 1949: இலங்கைக்குத் திரும்பினார்.
• 1952: நியூயார்க். 1956 முதல் 'பொயட்ரி லண்டன்–நியூயார்க்'.
• 1968: மறுபடி லண்டன்.
• 1983: லண்டனில் மறைவு.

இந்த அட்டவணை பின்னால் மூன்று இடங்களில் கைகொடுக்கும்: எந்த நாட்டுப் பட்டியலில் தேடுவது, தேதியில்லாத தாளுக்குக் காலம் குறிப்பது, காப்பகத்துக்கு எழுதும் மடலில் கேள்வியைச் சுருக்குவது.

பெயரின் எல்லா வடிவங்களையும் இதே தாளின் அடியில் எழுதுங்கள். எம்.ஜே. தம்பிமுத்து, ஜே.எம். தம்பிமுத்து, மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து, வெறும் 'தம்பி' என எல்லாமே பதிவுகளில் வரும். முதலெழுத்துகள் இடம் மாறினாலே சில தேடுகருவிகள் வெறுங்கையோடு திரும்பிவிடும். நம் பெயர்களில் எது தந்தை பெயர், எது குடும்பப் பெயர் என்று அயல்நாட்டுப் பட்டியலாளர் குழம்புவதும் வழக்கம். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே இட்டுத் தேடுங்கள்.

2. பெறுநர் பட்டியல்

இரண்டாவது தாளில், கவிஞர் யாருக்கெல்லாம் கவிதை அனுப்பியிருப்பார், யாரெல்லாம் அவருக்கு அனுப்பியிருப்பார்கள் என்று எழுதுங்கள். தம்பிமுத்து கவிஞர் மட்டுமன்று, பத்திரிகை ஆசிரியரும்கூட. அதனால் போக்குவரத்து இரு பக்கமும் நடந்தது.

டி.எஸ். எலியட் அவரை ஊக்குவித்தவர். 1942இல் ஃபேபர் வெளியிட்ட போர்க்காலக் கவிதைத் தொகுப்புக்குத் தம்பிமுத்துதான் தொகுப்பாசிரியர். ஆகவே ஃபேபர் நிறுவனத்தின் கோப்புகள் ஒரு தடம். பி.பி.சியின் கிழக்குச் சேவையில் ஜார்ஜ் ஆர்வெல் நடத்திய 'வாய்ஸ்' நிகழ்ச்சியில் 1942இல் அவர் பங்குபற்றினார். வானொலிக்குப் படிப்பதெல்லாம் முன்கூட்டியே தட்டெழுதப்பட்டுத் தணிக்கைக்குப் போன காலம் அது. அந்த ஆண்டுகளின் வானொலிப் பிரதிகளுக்கு ரெடிங் நகரை அடுத்த கேவர்ஷாமிலுள்ள பி.பி.சி. எழுத்து ஆவணக் காப்பகத்தைக் கேட்கவேண்டும்.

அவர் நூல் வெளியிட்ட எழுத்தாளர்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொருவரின் தாள்களும் ஒவ்வொரு மூலையில் உள்ளன. லாரன்ஸ் டரலுடையவை தென் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில். ஹென்றி மில்லருடையவை லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில். எலிசபெத் ஸ்மார்ட்டுடையவை கனடாவின் தேசிய நூலகக் காப்பகத்தில். 1944இல் நோர்மண்டிப் போர்முனையில் இறந்த கீத் டக்ளஸின் தாள்களைப் பிரிட்டிஷ் நூலகத்திலும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்டன் தொகுப்பிலும் பார்க்கலாம். இவர்களுக்குத் தம்பிமுத்து எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதைப் பிரதியும் குத்தூசியில் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிச் சேர்ந்தது 'தம்பிமுத்து கவிதைகள்' என்ற தலைப்பில் எந்தப் பட்டியலிலும் வராது. 'டரல்: வந்த கடிதங்கள், த' என்று ஒரு கோப்பின் பெயரில் ஒளிந்திருக்கும்.

நண்பர்கள் யார் யார் என்று அறிய நினைவு மலர்களைப் பாருங்கள். தம்பிமுத்துவுக்கு ஜேன் வில்லியம்ஸ் தொகுத்து 1989இல் பீட்டர் ஓவன் வெளியிட்ட மலர் ஒன்று உண்டு. அதில் எழுதியவர்களின் பெயர்களே பெறுநர் பட்டியலுக்கு நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கை. இவர் பிரதிகளைத் தொலைத்த கதைகள் லண்டன் மதுக்கடைகளில் பிரசித்தம். கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரச் சட்டியில் பிறர் கவிதைகளைப் போட்டுவைத்தார் என்பதுவரை சொல்வார்கள். இத்தகைய கதைகளை நம்பி, இனி எதுவும் மிஞ்சியிராது என்று தேடலைக் கைவிடாதீர்கள். பட்டியலைப் பார்த்தபின் முடிவுக்கு வாருங்கள்.

3. வீட்டிலிருந்தே தேடுதல்

இந்த வரிசையில் போனால் நேரம் மிஞ்சும்.

*அ. பொதுத் தேடுகருவிகள்.* அமெரிக்கத் தொகுப்புகளுக்கு 'ஆர்க்கைவ்கிரிட்', பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு 'ஆர்க்கைவ்ஸ் ஹப்', பிரித்தானியத் தேசியக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' ஆகிய மூன்றும் இலவசம். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்களின் பிரதிகள் எங்கெங்கே உள்ளன என்று ரெடிங் பல்கலைக்கழகம் தொகுத்த இடப்பதிவேடும் உதவும்.

*ஆ. கவிஞர் பெயரிலுள்ள தொகுப்புகள்.* தம்பிமுத்துவின் தாள்கள் சிக்காகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவிலும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. நியூயார்க் பத்திரிகையின் அலுவலகக் கோப்புகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரிய நூல் பிரிவில் தேடவேண்டும். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் கையெழுத்துப் பிரதிப் பட்டியல் நெடுநாள் முடங்கிக் கிடந்தது. அங்கே தேடி ஒன்றும் வராவிட்டால், இல்லை என்று எண்ணாமல் நூலகருக்கு எழுதிக் கேளுங்கள்.

*இ. கவிதைக்கென்றே உள்ள பெருந்தொகுப்புகள்.* ஆஸ்டினிலுள்ள ஹாரி ரேன்சம் மையமும் பஃபலோ பல்கலைக்கழகத்தின் கவிதைத் தொகுப்பும் முக்கியமானவை. பஃபலோ நூலகம் 1930களிலேயே, கவிஞர்கள் உயிரோடிருக்கும்போதே, திருத்தல் தாள்களை அனுப்புங்கள் என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டு வாங்கியது. டிலன் தாமஸின் இளமைக்கால நோட்டுப் புத்தகங்களும் 1941இல் அங்கே சேர்ந்தன.

தொகுப்பு ஒன்று அகப்பட்டதும் அதன் விவரப் பட்டியலைத் தரவிறக்கி, முதல் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். தாள்கள் யாரிடமிருந்து, எப்போது வந்தன, எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டன, எந்தப் பெட்டி மூடப்பட்டுள்ளது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அவசரக்காரர் நேரே பெயரைத் தேடிப் பெட்டி எண்ணுக்குத் தாவுவார். 'பலவகை', 'அடையாளம் காணப்படாதவை' என்ற தலைப்புகளைக் கவனிக்கமாட்டார். தட்டெழுத்துக் கவிதையில் கையொப்பம் இல்லாவிட்டால் அது போய் விழுவது அந்தக் கோப்புகளில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் ஏ.கே. ராமானுஜன். குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன இவர், 1960களின் தொடக்கம் முதல் 1993இல் மறையும்வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே இருந்தார். அவர் தாள்களும் அதே பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் உள்ளன. அந்தத் தாள்களைக் கொண்டுதான் கிய்யெர்மோ ரொட்ரிகெஸும் கிருஷ்ணா ராமானுஜனும் 2019இல் நாட்குறிப்பு நூலையும், 2023இல் 'சோமா' கவிதைகளையும் கொண்டுவந்தார்கள். ஓரிடத்தில் உத்தியோகம் பார்த்தவருக்கு ஒரு பெரிய தொகுப்பைத் துருவுங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தவருக்குப் பல சிறு கோப்புகளைத் தேடிப்போங்கள். ராமானுஜனின் கடைசிக் காலக் கவிதைகள் கணினி வட்டுகளில் இருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். 1980களுக்குப் பிந்திய கவிஞரானால், தாள்களோடு வட்டுகளும் உண்டா என்று கேட்கவேண்டும்.

4. பேராதனைக்கு ஒரு நாள்

அயல்நாட்டுக்கு எழுதுமுன் உள்நாட்டில் பார்க்கவேண்டியவை உண்டு. மாத்தளை ரயில் பாதையின் கடைசி நிலையம். அங்கிருந்து கண்டி வழியாக வரும் பாதையில் சரசவி உயன என்ற தரிப்பிடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கிறது. ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் கண்டியில் பஸ் மாறுங்கள்.

1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக்கழகம் இது. இதன் நூலகத்தில் இலங்கை வெளியீடுகளின் பெருந்தொகுதி உள்ளது. அங்கே தட்டெழுத்துப் பிரதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தேடவேண்டியது வேறு: 1949க்கும் 1952க்கும் இடையில் கவிஞர் இலங்கையில் இருந்தபோது இங்குள்ள பத்திரிகைகளில் எதை வெளியிட்டார், யாரோடு பழகினார், எந்த முகவரியில் இருந்தார். ஓர் அச்சு வடிவம் கையில் இருந்தால்தான், பின்னர் வரும் தட்டெழுத்துப் பிரதியில் எது மாறியது என்று சொல்லமுடியும். பழைய நாளிதழ்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும்.

வெளியார் உள்ளே போக அனுமதி தேவை. முன்கூட்டியே நூலகருக்கு எழுதி, தேடும் பொருளையும் நாளையும் சொல்லுங்கள். அடையாள அட்டை, பென்சில், தேடும் இதழ்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். பேனாவை மூலப் பிரதிகளின் அருகே எந்தக் காப்பகமும் அனுமதிக்காது.

5. காப்பகத்துக்கு மடல்

'தம்பிமுத்து பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்று எழுதினால், கண்ணியமான ஒரு மறுப்புத்தான் வரும். கேள்வி சிறுத்திருந்தால் பதில் விரைவில் வரும். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய மடலின் உள்ளடக்கம் இவ்வாறு இருக்கட்டும்:

"வணக்கம். இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள பலாபத்வலையிலிருந்து எழுதுகிறேன். எம்.ஜே. தம்பிமுத்து 1949 முதல் 1952 வரை இலங்கையில் இருந்தபோது தட்டெழுதிய கவிதைகளைத் தேடுகிறேன். உங்கள் தொகுப்பின் விவரப் பட்டியலைப் படித்தேன். கவிதைகள் என்று தலைப்பிட்ட கோப்புகளிலும் அடையாளம் காணப்படாத கோப்புகளிலும் இந்தக் காலத்துத் தாள்கள் உள்ளனவா என்று அறிய விரும்புகிறேன். இருந்தால் ஏறத்தாழ எத்தனை தாள்கள், நகலெடுக்க என்ன கட்டணம் என்று தெரிவிக்கவும். நகல் என் சொந்த ஆய்வுக்கு மட்டுமே. வெளியிட நினைத்தால் தனியாக அனுமதி கேட்பேன். நேரில் வர எனக்கு வசதியில்லை."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை உண்டு. காலவரம்பு நூலகர் திறக்கவேண்டிய பெட்டிகளைக் குறைக்கிறது. பட்டியலைப் படித்தேன் என்ற வரி, நீங்கள் உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது. தாள்களின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்பதால், பிறகு பெருந்தொகைப் பட்டியலைக் கண்டு திகைக்கவேண்டாம்.

நகலுக்குப் பணம் கட்டுமுன் இரண்டு வழிகளை விசாரியுங்கள். சில நூலகங்களில் நூலகரே தாளைக் கேமராவின் கீழ் வைத்துக் காணொளியில் காட்டுவார். இலங்கை நேரம் இரவு எட்டு மணி, கோடை காலத்தில் எவன்ஸ்டனில் காலை ஒன்பதரை. இருவருக்கும் தோதான நேரம். அல்லது அந்த நகரில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். பல வாசிப்பறைகளில் சொந்தக் கேமராவால் படமெடுக்க அனுமதி உண்டு. அவருக்குப் பெட்டி எண், கோப்பு எண்ணோடு ஒரு பட்டியலும், 'தாளின் பின்பக்கத்தையும் படமெடுக்கவும்' என்ற குறிப்பும் அனுப்புங்கள்.

6. தாளைப் படிக்கும் முறை

படம் வந்ததும் கவிதையைப் படிக்கத் தோன்றும். அதற்குமுன் தாளைப் பாருங்கள்.

*அளவு.* பழைய பிரித்தானியத் தட்டெழுத்துத் தாள் இரண்டு வகை: 8க்கு 10 அங்குலக் குவார்ட்டோ, 8க்கு 13 அங்குல ஃபூல்ஸ்கேப். அமெரிக்கத் தாள் எட்டரைக்கு 11 அங்குலம். ஏ4 பிரிட்டனில் பரவியது 1970களில். இப்போது ஆயுள் அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். குவார்ட்டோ என்றால் முதல் லண்டன் காலமோ இலங்கைக் காலமோ ஆகலாம். எட்டரைக்கு 11 நியூயார்க்கைக் காட்டும். ஏ4 கடைசி லண்டன் ஆண்டுகளுக்குப் பொருந்தும். பெட்டியில் பழைய தாளைக் கொண்டுபோய்ப் பின்னால் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால், இதைத் தனிச் சாட்சியாகக் கொள்ளவேண்டாம். படத்தில் அளவு தெரிய, தாளின் ஓரத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

*மேற்பிரதியா, கார்பன் பிரதியா?* மேற்பிரதியில் எழுத்து கூராக, தாளில் அழுந்தியிருக்கும். கார்பன் பிரதியில் விளிம்பு மங்கி, மெல்லிய தாளில் நீலமாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும். மேற்பிரதி ஆசிரியருக்குப் போனது, கார்பன் கவிஞரிடம் தங்கியது என்பது பொது வழக்கம். ஒரே கவிதையின் மேற்பிரதி ஒரு நாட்டிலும் கார்பன் இன்னொரு நாட்டிலும் இருந்தால், இரண்டிலும் கையால் செய்த திருத்தங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால், அனுப்பிய பிறகும் கவிஞர் திருத்திக்கொண்டிருந்தார் என்று தெரியவரும்.

*யந்திரத்தின் குறைகள்.* ஓர் எழுத்து சற்றே மேலே ஏறி விழும். இன்னோர் எழுத்தின் வயிறு மையால் அடைபட்டிருக்கும். அதே குறைகள் தேதியிட்ட கடிதம் ஒன்றிலும் தெரிந்தால், இரண்டும் ஒரே யந்திரத்தில் அடித்தவை என்று கருதலாம். பவுண் குறி அடிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிரித்தானிய விசைப்பலகை.

*பிறர் கை.* மூலையில் பென்சிலால் எழுதிய எண், அச்சு அளவுக் குறிப்பு, துருப்பிடித்த கிளிப்பின் தடம், வலது மேல்மூலை முகவரி என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு அளவுக் குறிப்பு இருந்தால் அந்தத் தாள் ஓர் அச்சகம்வரை போயிருக்கிறது. அந்தக் கவிதை எங்கோ வெளிவந்திருக்கக்கூடும். வெளிவராத கவிதை என்று அறிவிக்குமுன் அதைத் தேடிப்பாருங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்பு எண், தாள் எண் நான்கையும் படம் வந்த அன்றே எழுதுங்கள்.

7. உரிமை

தாள் பல்கலைக்கழகத்தினுடையது, கவிதையின் உரிமை கவிஞரின் வாரிசுகளினுடையது. நூலகம் நகல் கொடுத்துவிட்டதால் வெளியிடலாம் என்று பொருளில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கவிஞர் இறந்து 70 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள். 1983இல் மறைந்த தம்பிமுத்துவின் எழுத்துக்கு இங்கே 2053 முடியும்வரை அனுமதி தேவை. உரிமையாளர் யார் என்று அறிய, ஹாரி ரேன்சம் மையமும் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் 'வாட்ச்' பதிவேட்டைப் பாருங்கள். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்ற உங்கள் சொந்தக் குறிப்பை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

8. தமிழில் எழுதியவர்கள், மலையகத்தவர்கள்

யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்து யந்திரத்தை உருவாக்கிய பிறகும், நம் கவிஞர்கள் பெரும்பாலும் கையால்தான் எழுதினார்கள். கைப்பிரதி அச்சுக்கோப்பவரிடம் போய் அங்கேயே குப்பையாகிவிடும். ஆனாலும் கேள்வி அதேதான். வானொலிக்குப் பாநாடகம் எழுதியவரா? நிலையத்திலும் நடித்தவர்களிடமும் கேளுங்கள். அரச உத்தியோகத்தில் இருந்தவரா? அலுவலகத்தில் தட்டெழுதியவை வீட்டுக்கு வந்தனவா என்று குடும்பத்தாரை விசாரியுங்கள். அச்சேறிய இதழ்களுக்கு 'நூலகம்' இணையத்தளமும் அதன் 'ஆவணகம்' பகுதியும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதல் வாசல்கள்.

மாத்தளைப் பக்கத்து வாசகருக்கு இன்னும் அருகிலுள்ள வேலை சி.வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாக்கியவர். அதைச் சக்தி பாலையா தமிழாக்கினார். வேலுப்பிள்ளை 1947இல் நாடாளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கவாதி. அவருடைய பெறுநர் பட்டியலில் சங்க அலுவலகங்கள், கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் முதலில் வருவார்கள். சங்கக் கோப்பில் சந்தாக் கணக்கும் சம்பளத் தகராறும் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு கவிதைத் தாள் செருகியிருக்கலாம். யாரும் அதைத் தேடிப் பிரித்திருக்கமாட்டார்கள்.

9. கண்டதைப் பகிர்தல்

அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளி மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பட்டன. 1848 கலகத்தின்போது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பிரதிகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தை இந்த நாட்டில் விளக்கவேண்டியதில்லை. தாள்களை நாம் இங்கே கொண்டுவரமுடியாவிட்டாலும், அவை எங்கே உள்ளன என்ற பட்டியலைப் பல இடங்களில் வைக்கமுடியும். உங்கள் குறிப்பின் ஒரு பிரதியைப் பேராதனை நூலகத்துக்கும், ஒன்றை 'நூலகம்' நிறுவனத்துக்கும், ஒன்றை மாத்தளைப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள். தேடியும் கிடைக்காத காப்பகங்களின் பெயர்களையும் தேடிய தேதியோடு அதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் அதே கதவைத் தட்டி நாளை வீணாக்கமாட்டார்.

இந்த வாரமே தொடங்குவதானால்: ஒரு கவிஞரைத் தேர்ந்து ஆயுள் அட்டவணையையும் பெறுநர் பட்டியலையும் எழுதுங்கள். பெறுநர்களில் மூவரை மட்டும் எடுத்து, அவர்களுடைய தாள்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளன என்று தேடி, விவரப் பட்டியல்களைத் தரவிறக்குங்கள். மடல் எழுதுவது அடுத்த வாரம்.